'ஹவ் லாங்?' என்றால் நீளமா, நேரமா? தூத்துக்குடி கடலில் புழங்கும் இங்கிலீஷ் கணக்கு | விளக்கம்

ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை எத்தனை நாள்? போனில் ஒரு தேதியில் இருந்து இன்னொரு தேதியைக் கழித்துப் பார்த்தால் 60 என்று வரும். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் 61 என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் வரும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். அரசாணையின் இங்கிலீஷில் இதற்கென்றே 'போத் டேஸ் இன்க்ளூசிவ்' என்று மூன்று வார்த்தை போடுவார்கள். அந்த மூன்று வார்த்தை இல்லையென்றால், விசைப்படகு ஜூன் 14 காலையில் கிளம்பலாமா, 15 காலையில் கிளம்பலாமா என்பதே தகராறாகிவிடும்.

இதே தடைக்காலம் முன்பு 45 நாளாக இருந்தது. அப்போது மே 29-ல் முடிந்துவிடும். பிறகு 61 நாளாக நீட்டித்தார்கள். இதை இங்கிலீஷில் எழுதும்போது 'டு 61 டேஸ்' என்று வந்தால் மொத்தமே 61 நாள். 'பை 61 டேஸ்' என்று வந்தால் பழைய 45-க்கு மேல் இன்னொரு 61, ஆக மொத்தம் 106 நாள்! இரண்டு எழுத்து மாறினால் ஒன்றரை மாத வருமானம் போச்சு.

நீளத்தையும் நேரத்தையும் சொல்லும் இங்கிலீஷ் தொடர்கள் இப்படித்தான். பார்க்க ரொம்பச் சின்னதா இருக்கும், உள்ளே பெரிய கணக்கு இருக்கும். தூத்துக்குடி மாதிரி துறைமுக ஊரில் கப்பல், சரக்கு, மீன், வானிலை, கோர்ட் உத்தரவு என்று எல்லாமே அந்த இங்கிலீஷில்தான் வருகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

ஒரே 'லாங்', ரெண்டு கேள்வி

தமிழில் கயிற்றைக் காட்டி 'எவ்வளவு நீளம்?' என்போம். சினிமாவைப் பற்றி 'எவ்வளவு நேரம்?' என்போம். கேள்வியிலேயே விஷயம் பிரிந்துவிடுகிறது. இங்கிலீஷில் ரெண்டுக்கும் 'ஹவ் லாங்' ஒன்றுதான். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'ஹவ் லாங் இஸ் ஷி?' என்றால் கப்பலின் நீளத்தைக் கேட்கிறார்கள். 'ஹவ் லாங் இஸ் ஷி ஸ்டேயிங்?' என்றால் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்கிறார்கள். கடைசியில் வரும் ஒரே ஒரு வினைச்சொல்தான் மீட்டரை நாளாக மாற்றுகிறது. இங்கிலீஷ்காரர்கள் கப்பலை 'ஷி' என்று பெண்ணாகச் சொல்லும் பழக்கம் இன்னும் கடலில் இருக்கிறது. புதுசாகக் கேட்பவருக்கு அது வேறு ஒரு குழப்பம்.

அதற்காக நீளமும் நேரமும் தமிழில் ஒட்டவே ஒட்டாது என்று நினைத்துவிட வேண்டாம். நெடுஞ்சாலைக்கும் நெடுநேரத்துக்கும் ஒரே 'நெடு'தான். 'நீண்ட நாள்' என்கிறோம், வழக்கு 'இழுத்துக்கொண்டே போகிறது' என்கிறோம். பழைய தமிழில் 'நாழிகைவழி' என்று ஒரு தூர அளவே உண்டு. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில் நடந்து கடக்கும் தூரம். இப்பவும் 'தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் எவ்வளவு தூரம்?' என்று கேட்டால் 'பஸ்ல ஒரு மணி நேரம்' என்றுதான் பதில் வரும். கிலோமீட்டர் யாருக்கு வேணும்?

இங்கிலீஷில் நம்மை வழுக்கிவிடும் இடம் வேறு. 'லாங்' என்ற சொல்லை அவர்கள் நேரத்துக்குத் தனியாகப் பயன்படுத்துவது பெரும்பாலும் கேள்வியிலும் 'இல்லை' என்று சொல்லும்போதும்தான். 'இட் டிட்ன்ட் டேக் லாங்' என்றால் சீக்கிரம் முடிந்தது. 'ஆமாம், நேரம் பிடித்தது' என்று சொல்ல வேண்டுமானால் 'இட் டுக் லாங்' என்று சொல்ல மாட்டார்கள். 'இட் டுக் எ லாங் டைம்' என்பார்கள்.

இன்னும் நுணுக்கமான ஒன்று இருக்கிறது. 'ஹி டிட்ன்ட் ஸ்பீக் ஃபார் லாங்' என்றால் கொஞ்ச நேரம்தான் பேசினார் என்று பொருள். 'ஹி டிட்ன்ட் ஸ்பீக் ஃபார் எ லாங் டைம்' என்றால் ரொம்ப நேரம் வாயே திறக்கவில்லை. ஒன்றில் பேச்சு குறைவு, மற்றதில் மௌனம் அதிகம். கிட்டத்தட்ட அதே வார்த்தைகள், பொருள் தலைகீழ்.

'ஆஸ் லாங் ஆஸ்' என்பதில் நீளமும் இல்லை, பல நேரம் நேரமும் இல்லை. 'ஆஸ் லாங் ஆஸ் த வெதர் பெர்மிட்ஸ்' என்றால் 'வானிலை இடம் கொடுத்தால் மட்டும்' என்ற நிபந்தனை. இதை 'வானிலை எவ்வளவு நேரம்...' என்று மொழிபெயர்க்க ஆரம்பித்தால் வாக்கியமே கவிழ்ந்துவிடும். 'ஸோ லாங்' என்றால் 'போய்ட்டு வரேன்'. அவ்வளவுதான்.

கை விரித்தால் ஒரு பாகம்

இங்கிலீஷ் கடல் அளவுகளில் பழமையானது 'ஃபாதம்'. ஒரு ஃபாதம் 6 அடி, மீட்டரில் சுமார் 1.83. பழைய இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்குப் பொருள் 'விரித்த ரெண்டு கை'. ஈயக் குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி, மேலே இழுக்கும்போது கை விரித்து விரித்து எண்ணுவார்கள். எத்தனை விரிப்போ அத்தனை ஃபாதம் ஆழம்.

மன்னார் வளைகுடா மீனவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். அவர்களின் 'பாகம்' இதே கணக்குதான். ரெண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். எந்த நாட்டுக்காரர் கயிறு இழுத்தாலும் கை ரெண்டுதானே. இன்னொரு ஒற்றுமை அதைவிட அழகு. 'ஐ கான்ட் ஃபாதம் இட்' என்று இங்கிலீஷ்காரர் சொன்னால் 'எனக்குப் பிடிபடவில்லை' என்று அர்த்தம். ஆழம் அளக்கும் சொல்லே புரிந்துகொள்ளும் சொல்லாகிவிட்டது. நாமும் 'ஆளை ஆழம் பார்க்கிறான்' என்கிறோம், 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்கிறோம்.

இந்த ஆழத்தில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் முத்துக்குளிப்பவர்கள். முத்துச்சிப்பி வளரும் பார்கள் சுமார் 5 முதல் 10 பாகம் ஆழத்தில், அதாவது ஏறக்குறைய 9 முதல் 18 மீட்டருக்குக் கீழே இருந்தன. காலில் கல் கட்டிய கயிற்றோடு இறங்கி, தம் கட்டிக்கொண்டு, கைக்குக் கிடைத்த சிப்பியை எல்லாம் வலைப்பையில் அள்ளிப் போட்டு, கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் மேலே இருப்பவர் தூக்குவார். கயிறு பிடிப்பவரின் கவனம்தான் கீழே இருப்பவரின் உயிர்.

இவர்கள் தண்ணீருக்குள் 'ஹவ் லாங்' இருந்தார்கள் என்று எழுதுவதில் அந்தக்கால இங்கிலீஷ்காரர்களுக்குத் தனி ஆர்வம். ராபர்ட் பெர்சிவல் என்ற ராணுவ அதிகாரி இலங்கை பற்றி 1803-ல் வெளியிட்ட புத்தகத்தில், பொதுவாக 2 நிமிடம், சிலர் 4, 5 நிமிடம், 1797-ல் ஒருவர் முழுசாக 6 நிமிடம் என்று கணக்குச் சொல்கிறார். பின்னால் வந்தவர்கள் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, வழக்கமான முழுக்கு ஒரு நிமிடத்தைச் சுற்றித்தான் இருந்தது. மிஞ்சிப் போனால் ஒன்றரை.

பெர்சிவல் வேண்டுமென்றே புளுகினார் என்று சொல்லிவிட முடியாது. படகில் நின்று கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு நிமிடம் ஒரு யுகம். இங்கிலீஷில் இதற்கென்றே 'எ லாங் மினிட்' என்று ஒரு வழக்கு உண்டு. 60 நொடிக்கு மேல் ஒரு நொடியும் கிடையாது, ஆனால் நீளமான நிமிடம். குளிப்பவருக்கோ அது வயிற்றுக் கணக்கு. எடுத்த சிப்பியில் ஒரு பங்குதான் கூலி என்பதால், கீழே கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும் ஒவ்வொரு நொடியும் ரெண்டு சிப்பி. தூத்துக்குடியில் 1955-ல் தொடங்கி நடந்த சலாப வரிசை 1961-ல் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த அளவுக்கு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிப்பது மட்டும் தொடர்ந்தது.

முடிச்சு எண்ணினால் வேகம்

கப்பலின் வேகத்தை 'நாட்' என்ற அளவில் சொல்வது ஏன்? அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு நேர் பொருள் முடிச்சு. நீளமும் நேரமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்ட கதை இது.

பழைய பாய்மரக் கப்பலில், ஒரு மரப்பலகையைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கம் கடலில் போடுவார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. பலகை தண்ணீரில் நிற்கும், கப்பல் முன்னே போகும், கயிறு ஓடும். கூடவே 28 நொடி ஓடும் மணல் கடிகாரத்தைக் கவிழ்ப்பார்கள். மணல் தீரும்போது எத்தனை முடிச்சு கையைத் தாண்டிப் போச்சோ, அத்தனை நாட் வேகம். 28 நொடிக்கு 47 அடி 3 அங்குலம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கடல் மைல் வரும்படி கணக்குப் போட்டுத்தான் முடிச்சே போட்டார்கள். அதனால் 'நாட்' என்பதற்குள்ளேயே மணி நேரம் இருக்கிறது. '12 நாட்ஸ் பெர் அவர்' என்று எழுதினால் மாலுமிகள் சிரிப்பார்கள். செய்திகளில் இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படும்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு சுமார் 150 கடல் மைல். 12 நாட் வேகத்தில் போனால் 12 மணி 30 நிமிடம். மாலை ஏறினால் விடியும்போது கொழும்பு.

கயிற்றிலிருந்து வந்த இன்னொரு தொடர் 'டு த பிட்டர் எண்ட்'. 'கசப்பான முடிவு வரை' என்று தமிழில் எழுதிவிடுகிறோம். 'பிட்ஸ்' என்பது கப்பல் தளத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டும் கட்டைகள். கயிற்றில் அந்தக் கட்டைப் பக்கம் இருக்கும் நுனிதான் 'பிட்டர் எண்ட்'. அந்த நுனி வரை கயிறு போய்விட்டது என்றால், விடுவதற்கு இனி கயிறே கிடையாது. கயிற்றின் கடைசி முழம் என்ற நீளக் கணக்கு, 'கடைசி வரைக்கும்' என்ற நேரக் கணக்காக மாறி, இன்றைக்கு அரசியல் பேட்டிகளில் வந்து நிற்கிறது. பின்னாளில் கசப்பு என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொண்டது உண்மைதான்.

'இன் த ஆஃபிங்' கதையும் இதேதான். கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் தூரக் கடலுக்கு 'ஆஃபிங்' என்று பெயர். அங்கே கப்பல் தெரிந்தால் கொஞ்ச நேரத்தில் துறைக்கு வந்துவிடும். அதனால் 'சீக்கிரம் நடக்கப் போகிறது' என்பதற்கே 'இன் த ஆஃபிங்' ஆகிவிட்டது. கடலில் தெரியும் தூரம், கரையில் காத்திருப்பவருக்கு நேரம். புயல் கூண்டிலும் இதே சாயல் உண்டு. தூத்துக்குடி துறைமுகத்தில் 1-ம் எண் எச்சரிக்கை கூண்டு ஏற்றினால் செய்தியில் 'தூர முன்னறிவிப்பு' என்று சொல்வார்கள். புயல் சின்னம் தொலைவில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். கேட்பவர் மனசில் அது 'இன்னும் நேரம் இருக்கு' என்று பதிகிறது. தொலைவில் இருப்பது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது அந்தச் சொல்லில் இல்லை.

எந்த மைல்? எத்தனை மணிக்குள்?

மைலில் ரெண்டு உண்டு. தரையில் அளப்பது 1,609 மீட்டர். கடல் மைல் 1,852 மீட்டர். இது 1929-ல் சர்வதேச அளவில் முடிவு செய்யப்பட்டது. ஒரு மைலுக்கு 243 மீட்டர்தான் வித்தியாசம் என்று விட்டுவிடக் கூடாது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடல் எல்லை. சரியாகப் பெருக்கினால் 22.2 கி.மீ. தரை மைல் என்று நினைத்துப் பெருக்கினால் 19.3 கி.மீ. கிட்டத்தட்ட 3 கி.மீ. காணாமல் போகும். 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்தில் இதே தவறு செய்தால் 48 கி.மீ.க்கு மேல் போச்சு.

12 மைல் என்பது வெறும் வரைபடக் கோடு இல்லை என்பது சுருக்குமடி வலை வழக்கில் தெளிவாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் இந்த வலைக்குத் தடை இருந்த நிலையில், உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 24-ல் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும், வாரத்தில் திங்கள், வியாழன் ஆகிய ரெண்டு நாள் மட்டும், காலை 8 மணிக்கோ அதற்குப் பிறகோ கிளம்பி மாலை 6 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம்.

இங்கே 'பை 6 பி.எம்.' என்பதுதான் முக்கியம். 'பை' என்றால் அந்த நேரத்துக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். 'அன்டில் 6 பி.எம்.' என்று இருந்திருந்தால் 6 மணி வரை மீன் பிடித்துக்கொண்டே இருக்கலாம் என்று பொருளாகியிருக்கும். தமிழில் 'ஆறு மணி வரைக்கும்', 'ஆறு மணிக்குள்ள' என்று நாம் தெளிவாகவே பிரிக்கிறோம். இங்கிலீஷில் படிக்கும்போதுதான் ரெண்டும் கலங்குகிறது.

ஒரு படகு 8 நாட் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 கடல் மைலைத் தாண்ட ஒன்றரை மணி நேரம். திரும்பி வர இன்னொரு ஒன்றரை. காலை 8-க்கும் மாலை 6-க்கும் நடுவே இருக்கும் 10 மணி நேரத்தில் 3 மணி நேரம் போக்குவரத்துக்கே சரி. காகிதத்தில் 10, கடலில் 7. மீன் எங்கே இருக்கிறது என்று தேடும் நேரம் இந்த 7-க்குள்தான் வரும். ஒரே உத்தரவில் ஒரு நீளமும் ஒரு நேரமும் சேர்ந்து வந்தால், ஒன்று மற்றதைத் தின்னும். படகுக்காரர்கள் இதை வேகமாகக் கணக்குப் போட்டுவிடுவார்கள். உத்தரவைப் படிக்கும் மற்றவர்களுக்குத்தான் 10 மணி நேரம் தாராளமாகத் தெரியும்.

'ஒரு நாள்' என்றால் எத்தனை மணி?

இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. கப்பலை வாடகைக்கு எடுப்பவருக்கு, சரக்கை ஏற்றவோ இறக்கவோ இத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் நேரம் கொடுப்பார்கள். அதற்கு 'லேடைம்' என்று பெயர். அந்த நேரத்தைத் தாண்டினால் நாள் கணக்கில் தண்டம். அதுதான் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த 'டெமரேஜ்'.

இதில் 'டே' என்று மட்டும் எழுதியிருந்தால் தொடர்ச்சியாக 24 மணி நேரம். மதியம் 2 மணிக்குத் தொடங்கினால் மறுநாள் மதியம் 2 வரை. 'காலண்டர் டே' என்றால் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு. 'வொர்க்கிங் டே' என்றால் விடுமுறை கழியும். 'வெதர் வொர்க்கிங் டே' என்றால் மழையால் வேலை நின்ற நேரமும் கழியும். கப்பல் உலகத்தின் பெரிய அமைப்புகள் நான்கு ஒன்றுசேர்ந்து 2013-ல் இந்தச் சொற்களுக்கெல்லாம் வரையறை வெளியிட்டன என்றால், 'நாள்' என்ற சொல்லுக்காக எத்தனை வழக்கு நடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உரம் மாதிரி நனையக் கூடாத சரக்கு இறங்கும்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இந்த ஒரு வார்த்தைதான் காப்பாற்றும், அல்லது கவிழ்க்கும். கொடுத்த நேரம் தீர்ந்துபோன பிறகு இன்னொரு விதி வருகிறது. 'ஒன்ஸ் ஆன் டெமரேஜ், ஆல்வேஸ் ஆன் டெமரேஜ்' என்று கப்பல்காரர்கள் பழமொழி மாதிரி சொல்வார்கள். தண்டம் ஓட ஆரம்பித்துவிட்டால், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, ஞாயிறும் கிடையாது, மழையும் கிடையாது. எல்லா மணி நேரமும் கணக்கில் ஏறும். வட்டிக்கடைக்கு ஞாயிறு இல்லாத மாதிரி.

அளவுச் சொல்லை அப்படியே நம்பக் கூடாது என்பதற்குக் கண்டெய்னரும் சாட்சி. '20 அடி கண்டெய்னர்' என்று உலகமே சொல்கிறது. அதன் நிஜ நீளம் 19 அடி 10 அரை அங்குலம். ரெண்டை 3 அங்குல இடைவெளி விட்டு வைத்தால் சரியாக 40 அடி வர வேண்டும் என்பதற்காக அப்படி. 40 அடி மட்டும் உண்மையிலேயே 40 அடி.

வானிலை மையத்தின் 'ஒரு நாள்' இன்னொரு தினுசு. காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடியும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தை மூழ்கடித்த மழையில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. டிசம்பர் 17 காலை 8.30-ல் இருந்து 18 காலை 8.30 வரையிலான கணக்கு அது. மாவட்டத்தில் வழக்கமாக ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம். மழையை நாம் லிட்டரில் சொல்வதில்லை, சென்டிமீட்டர் என்ற நீளத்தில் சொல்கிறோம். தண்ணீர் ஓடாமல், உறிஞ்சாமல், அப்படியே தேங்கினால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதுதான் அந்த எண். 95 செ.மீ. என்றால் வளர்ந்த ஆளின் இடுப்பு உயரம். ஆனால் அந்த உயரம் எத்தனை மணி நேரத்தில் வந்தது என்பதைச் சேர்க்காமல் சொன்னால் அந்த எண்ணுக்குப் பாதி உயிர்தான். 95 செ.மீ. ஒரு வருஷத்தில் பெய்தால் நல்ல விளைச்சல்.

'லைஃப்' என்றால் 20 வருஷமா?

தூத்துக்குடி வரலாற்றிலேயே மிகக் கனமான காலக் கணக்கு வ.உ.சி.க்குப் போடப்பட்டது. 1906-ல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, காலியா, லாவோ என்ற கபல்களைக் கொண்டுவந்து, தூத்துக்குடி–கொழும்பு வழியில் பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போட்டியாக ஓட்டியவர். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு ரெண்டு ஆயுள் தண்டனை விதித்தார். ராஜதுரோகத்துக்கு ஒன்று, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு ஒன்று. நாம் பாடப்புத்தகத்தில் '40 ஆண்டு' என்று படித்தது இதைத்தான்.

ஆயுளுக்கு எப்படி எண் வந்தது? அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 57-வது பிரிவு, தண்டனையின் பகுதிகளைக் கணக்கிடுவதற்காக மட்டும் ஆயுள் தண்டனையை 20 ஆண்டாக எடுத்துக்கொள்ளச் சொன்னது. ரெண்டு ஆயுளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து எண்ணினால் 40. 'கன்செக்யூட்டிவ்' என்றால் ஒன்று முடிந்தபின் அடுத்தது. 'கன்கரன்ட்' என்றால் ரெண்டும் சேர்ந்தே ஓடும். கோர்ட் செய்திகளில் 'தண்டனையை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று படிக்கிறோமே, அது இதுதான். 7 ஆண்டும் 3 ஆண்டும் ஏககாலத்தில் என்றால் 7. அந்த வார்த்தை இல்லாவிட்டால் 10.

வ.உ.சி.யின் தண்டனை மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். ஆயுள் என்றால் 20 ஆண்டு, 14 ஆண்டு என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அரசு தண்டனையைக் குறைக்காத வரை ஆயுள் என்றால் மிச்சமிருக்கும் ஆயுள் முழுவதும்தான் என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே கோபால் கோட்சே வழக்கில் சொல்லிவிட்டது.

கடலில் இங்கிலீஷுக்கே கடிவாளம்

இவ்வளவு குழப்பம் இருந்தால் நடுக்கடலில் ரெண்டு கப்பல் எப்படிப் பேசிக்கொள்ளும்? ஒருவர் தூத்துக்குடிக்காரர், இன்னொருவர் பிலிப்பைன்ஸ்காரர், பொது மொழி இங்கிலீஷ். 2001-ல் சர்வதேச கடல்சார் அமைப்பு இதற்காகவே ஒரு வாக்கியத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. அதில் 'கொஞ்ச தூரம்', 'சீக்கிரம்' எல்லாம் செல்லாது. தூரத்தைக் கடல் மைலில் சொல்ல வேண்டும், அல்லது அதில் பத்தில் ஒரு பங்கான 'கேபிள்' கணக்கில், 185 மீட்டர் கணக்கில் சொல்ல வேண்டும். அலகையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேகம் நாட்டில். எண்ணை 'ஒன் ஃபிஃப்டி' என்று சேர்த்துச் சொல்லாமல், 'ஒன்-ஃபைவ்-ஸீரோ' என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தாய்மொழியே இங்கிலீஷாக இருப்பவரும் வீட்டில் பேசுகிற மாதிரி இங்கே பேச முடியாது.

நேரம் 24 மணிக் கணக்கில், யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் உள்ளூர் நேரத்தைச் சொன்னால் அது உள்ளூர் நேரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. '14-ம் தேதி 2000 யூ.டி.சி.' என்று கப்பல் வருகை நேரம் வந்தால் அது நமக்கு 15-ம் தேதி அதிகாலை 1.30. யூ.டி.சி. என்ற மூன்று எழுத்தைக் கவனிக்காதவர் 14-ம் தேதி ராத்திரி 8 மணிக்கே ஆட்களைக் கூட்டிவந்து உட்கார வைத்துவிடுவார்.

கரையில் அனுப்பும் மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இப்படி எந்தக் கடிவாளமும் இல்லை. அதனால் ரெண்டு மூன்று சின்னச் சொற்களை மட்டும் பார்த்துக்கொண்டால் நல்லது. 'அஞ்சு நிமிஷத்துல வரேன்' என்பதை நாம் 'ஐ வில் கம் இன் ஃபைவ் மினிட்ஸ்' என்போம். இங்கிலீஷ்காரர் காதில் அது 'அஞ்சு நிமிஷம் கழித்து' என்று விழும். அதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றால் 'விதின்'. கப்பல் 'இன் 6 அவர்ஸ்' கிளம்பும் என்றால் 6 மணி நேரம் கழித்து. 'விதின் 6 அவர்ஸ்' என்றால் ரெண்டாவது மணி நேரத்திலேயே கிளம்பிவிடலாம். லாரி இன்னும் கோவில்பட்டியைத் தாண்டவில்லை என்றால் ரொம்பச் சிக்கல்.

'சின்ஸ்', 'ஃபார்' தகராறு இந்தியா முழுக்க உண்டு. 'ரெண்டு வருஷமா வேலை பார்க்கிறேன்' என்பதை 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்று சொல்லிவிடுகிறோம். நம் 'வருஷமா' ஒன்றே எல்லாவற்றையும் சுமப்பதால் வரும் பழக்கம் இது. கயிற்றை நினைத்துக்கொண்டால் மறக்காது. கயிறு கட்டியிருக்கும் முளையைச் சொல்வது 'சின்ஸ்': சின்ஸ் 2023. கயிற்றின் நீளத்தைச் சொல்வது 'ஃபார்': ஃபார் டூ இயர்ஸ். கப்பல் வேலைக்கு இன்டர்வியூ போகும் பையன்கள் அனுபவத்தைச் சொல்லும்போது முதலில் தடுக்குவது இந்த இடத்தில்தான்.

'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்றால் வருகிற வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்பதில் இங்கிலீஷ்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. தேதியைக் கேட்டுவிடுவது ஒன்றுதான் வழி. அப்படித் திருப்பிக் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 2001-ன் அந்தக் கடல் வாக்கியத் தொகுப்பில், சரியாகக் காதில் விழாதவர் சொல்வதற்கென்றே ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள்: 'சே அகெய்ன்'.